புளிச்சக்காடு கேட்ட சுண்ணாம்பு

புளிச்சக்காடு முதன்முதலாகச் சுண்ணாம்பு கேட்டது ஆவணி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, பக்கத்து நிலத்தில் கேரட்டுக்குக் களையெடுத்துக்கொண்டிருந்த ஆறு பெண்களும் வெற்றிலை போடுவதற்காக அதன் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, பூவாயி தன் மடியிலிருந்து டப்பியை எடுத்து மூடியைத் திறந்த நேரத்தில். "கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" என்று கேட்டது. காலுக்குக் கீழேயிருந்துதான் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரி உறைமோர் கேட்பதுபோல, கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன், கொடுக்காவிட்டாலும் கோபமில்லை என்கிற தோரணையில் கேட்டது. ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பூவாயி டப்பியை மூடி மறுபடி மடியில் செருகிக்கொண்டு, "இல்லம்மா, இப்பத்தான் தீந்துச்சு" என்றாள். டப்பி நிறைய இருந்தது.

எங்கள் கூழாம்பாறை கொடைக்கானலுக்கும் மேலே, பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்திலிருந்து இன்னும் இரண்டு மலை தள்ளி இருக்கிறது. பயிர் வைக்கிற நிலத்தை எங்கள் பக்கம் காடு என்றுதான் சொல்வோம். பூண்டுக் காடும் கோஸ் காடும் உருளைக்கிழங்குக் காடுமாகப் படிபடியாகக் கீழே இறங்கி, கடைசிப் படியில் ஒரு ஏக்கர் கிடக்கும், அதுதான் புளிச்சக்காடு. அதில் பூண்டு போட்டால் பால்பல் அளவுக்கு வரும், கோஸ் வைத்தால் வேர் விரல் விரலாக வீங்கி மேலே இலை வாடும், புளியாரை மட்டும் யாரும் கேட்காமலே சந்தோஷமாக வளரும். இப்படிப்பட்ட காடு ஒருநாள் வாயைத் திறந்து ஒன்று கேட்டதில் எங்களுக்கு அதிசயம் ஒன்றும் இல்லை, ஏனென்றால் அதிசயப்படுவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் நேரம் கிடையாது. இத்தனை நாள் கேட்காமல் இருந்ததே பெரிது என்றுகூட இரண்டு பேர் சொன்னார்கள்.

காட்டுக்குச் சொந்தக்காரி போதுமணி. எங்கள் ஊர்த் தலைவர் வேலப்ப மன்னாடியாருக்கு நான்கும் பெண். முதல் மூன்று பேருக்கும் சாமியிடம் பூப்போட்டுப் பார்த்து, ஜோசியரைக் கேட்டு, யோசித்துப் பேர் வைத்தவர், நான்காவது பிறந்த அன்று மருத்துவச்சி வெளியே வந்து இதுவும் பெண்தான் என்று சொன்னபோது, பூண்டுத் தாளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், தலையையும் திருப்பாமல், "போதும்" என்றார். அதுவே பேராகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் இரக்கப்பட்டு ஒரு மணியைச் சேர்த்துப் போதுமணி என்று எழுதினார், ஆனாலும் ஊரே கூப்பிட்டது போதும் என்றுதான். இப்படிப் பேர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை, பக்கத்து ஊர்களில் தெருவுக்கு ஒரு போதுமணி உண்டு, எங்கள் ஊரில் அப்போது இவள் ஒருத்திதான். மன்னாடியார் வீட்டில் அடுத்தது ஆணும் பிறக்கவில்லை, பெண்ணும் பிறக்கவில்லை. பேர் அந்த அளவுக்கு வேலை செய்தது. பாகம் பிரித்தபோது மூத்தவர்கள் மூவருக்கும் மேல்படிக் காடுகள் போக, மிச்சமிருந்த புளிச்சக்காடு கடைசிப் பெண்ணுக்கு வந்தது. அவள் புருஷன் இரண்டு வருஷம் அதில் உருளைக்கிழங்கு போட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பூருக்குப் போனான், போனவன் போனவன்தான். அந்த ஒரு ஏக்கரும் இல்லையென்றால் அக்காள்மார் வீடுகளில் மாறி மாறிப் பாத்திரம் கழுவிக்கொண்டு காலம் தள்ளவேண்டியவள் அவள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பது மோகினியின் வழக்கம் என்பதைக் கூழாம்பாறையில் கைக்குழந்தைகூட அறியும். அவளுக்குச் சுண்ணாம்பைக் கையால் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் மணிக்கட்டைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இரும்பின் முனையில் வைத்து நீட்டவேண்டும். மனுஷருக்குள்ளேயே நாங்கள் சுண்ணாம்பைக் கைக்குக் கை கொடுப்பதில்லை, உறவு முறிந்துபோகும், வெற்றிலைக் காம்பிலோ சுவரிலோ தடவிவிட்டால் வேண்டியவர் எடுத்துக்கொள்வார். ஆனால் மோகினி கேட்பது பொழுது சாய்ந்த பிறகுதான், இது பட்டப்பகலில் கேட்கிறதே, இதற்கு அந்த விதி பொருந்துமா என்று டீக்கடையில் இரண்டு நாள் பேச்சு நடந்தது. பேயா, மண்ணா என்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, எந்த விதி என்பதைப் பற்றித்தான் பேசினோம். கடைசியில் இரும்பு விதியை எந்த நேரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம், கெடுதல் இல்லை என்று முடிவானது.

அதன்பிறகு களையெடுக்கிற பெண்கள் நகம் அளவு சுண்ணாம்பைக் களைக்கொத்தின் முனையில் எடுத்து மண்ணில் குத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஒருவாய் வெற்றிலை மென்று துப்புகிற நேரத்துக்குக் காடு சும்மா இருக்கும், பிறகு மறுபடி கேட்கும். ஒற்றையடிப் பாதையில் போகிறவர்கள் போகிறபோக்கில் அரிவாள் முனையில் ஒரு துளி வைத்துவிட்டுப் போனார்கள். வெற்றிலையே போடாதவர்களும் டப்பி வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் பிள்ளைகளிடம் மண் பேசாது என்று பாடம் நடத்திவிட்டு, அந்தப் பக்கமாகப் போகும்போது நிற்காமல் போகவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லி அனுப்பினார். காதுகேளாத சின்னமாயி மட்டும் அந்த வரப்பில் நிம்மதியாகப் புல் அறுத்தாள், அவளைப் பார்த்து எல்லோருக்கும் பொறாமையாக இருந்தது.

இப்படியே விட்டிருந்தால் காடு கேட்பதும் நாங்கள் வைப்பதுமாக ஒரு சாமிக்குச் செய்வதுபோல இது நடந்துகொண்டே இருந்திருக்கும். கெடுத்தது ஒரு சம்பந்தம். மன்னாடியாரின் மூத்த மகள் வழிப் பேரனுக்குப் பெண் கொடுக்க அடிவாரத்திலிருந்து வந்திருந்தவர்கள், மாப்பிள்ளை வீட்டுக் காடுகரைகளைப் பார்க்கிறோம் என்று படிபடியாக இறங்கி வந்து கடைசிப் படியில் கால்வைத்தபோது, "கொஞ்சம் சுண்ணாம்பு இருக்கா?" என்று அது கேட்டுவிட்டது. பெண்ணின் தாய்மாமன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, உங்க ஊர்ல மண்ணே கையேந்துது?" என்று கேட்டார். சாப்பிடாமல் போய்விட்டார்கள். பேய் இருக்கிற ஊர் என்று சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றுமில்லை, எந்த ஊரில்தான் இல்லை. கையேந்துகிற ஊர் என்றது எங்கள் எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது.

மன்னாடியார் மறுநாள் காலையிலேயே ஊரைக் கூட்டினார். மகளை அவர் நேராகப் பார்க்கவில்லை.

"ஐப்பசி ஒண்ணாந்தேதிக்குள்ள அது வாயை மூடணும். மூடலேன்னா சீகை மரக் கன்னு நட்டுருவோம். நெழல் விழுந்தாத் தன்னால அடங்கிரும்."

"சீகை நட்டா அதுக்கப்புறம் அதுல ஒண்ணும் வெளையாதே அய்யா" என்றாள் போதுமணி.

"இப்ப மட்டும் என்ன வெளையுது?"

அவளுக்கு அழுகை வந்தது, எல்லோர் முன்னாலும் அழுதாள். எங்களில் சிலருக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் சம்பந்தம் முறிந்ததும் பாவம்தானே என்று சமாதானம் செய்துகொண்டோம்.

அந்த வாரத்தில்தான் வேளாண்மைத் துறையிலிருந்து ஜெசிந்தா மேடம் ஜீப்பில் வந்தார். போன கோடையில் அவர் எல்லாக் காடுகளிலும் மண் எடுத்துக்கொண்டு போயிருந்தார், அதற்கான மண்வள அட்டைகளைக் கொடுக்க வந்தவரிடம் காடும் தன் கேள்வியைக் கேட்டது. அவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, அட்டையைப் புரட்டினார்.

"கேக்கத்தான் செய்யும். ஏழுல இருந்தா நல்ல மண்ணு, கீழ போகப்போகப் புளிப்பு. இது நாலே கால்ல நிக்குது. மழை பெஞ்சு பெஞ்சு மண்ணுல இருக்கிற சுண்ணாம்பையெல்லாம் கழுவிக் கொண்டுபோயிருச்சு, நீங்க அள்ளிப் போடுற உரம் மிச்சத்தையும் தின்னுருச்சு. எத்தனை உரம் போட்டாலும் புளிச்ச மண்ணு அதைச் செடிக்கு விடாது. இது பேயெல்லாம் இல்லம்மா. ஏக்கருக்கு ரெண்டு டன் சுண்ணாம்புத் தூள் போடுங்க, ஒரு சாண் ஆழத்துக்குக் கலந்து விடுங்க, ஒரு மாசம் எருவு, யூரியா எதையும் கிட்டக் கொண்டுபோகாதீங்க. அப்புறம் பூண்டு வச்சுப் பாருங்க."

இரண்டு டன் என்பதை நாங்கள் உடனே ஒத்துக்கொண்டோம். பேய் இல்லை என்பதை ஒத்துக்கொள்ளவில்லை. பேய்க்கும் சுண்ணாம்புதான் வேண்டும், மண்ணுக்கும் சுண்ணாம்புதான் வேண்டும் என்கிறபோது அதில் சண்டைபோட என்ன இருக்கிறது. மேடமும் அதற்குமேல் வாதாடவில்லை. ஐந்தாம் நாள் நாற்பது மூட்டைகள் லாரியில் வந்து வரப்பில் இறங்கின. சிக்கல் அப்போதுதான் வந்தது. இரண்டு டன் சுண்ணாம்பை இரும்பின் முனையில் வைத்துக் கொடுப்பது எப்படி?

"மண்வெட்டியும் இரும்புதானே, அள்ளி வீசுங்க, நாலு ஆளு ஒருநாள்ல முடிச்சிருவாங்க" என்றார் ஜெசிந்தா மேடம்.

மண்வெட்டிக்கு இருப்பது முனையா வாயா என்று அரைநாள் பேசினோம். வாய்தான், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை, எல்லோருமே மண்வெட்டி வாய் என்றுதான் பிறந்ததிலிருந்து சொல்லிவருகிறோம். கேட்கிற வாய்க்குக் கொடுக்கிற வாயால் கொடுத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியவில்லை. கூலிக்கு வந்த நான்கு பேரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். வாத்தியார் ஒரு அரிவாள் முனையில் நிற்கிற சுண்ணாம்பை நிறுத்துப் பார்த்துக் கணக்குப் போட்டார். நாலு லட்சம் முனை வந்தது. நூறு பேர் சேர்ந்து ஆளுக்கு நூறு முனை தினமும் வைத்தால் நாற்பது நாள். புரட்டாசி முழுவதும் வைத்தாலும் ஐப்பசி ஒன்றுக்குள் முடியாது, ஆனாலும் முடிகிறவரை வைப்போம் என்று ஊர் கிளம்பியது, ஏனென்றால் ஒரு வேலை முடியாது என்று தெரிந்துவிட்டால் அதைச் செய்வதில் எங்களுக்கு ஒரு தனி உற்சாகம் உண்டு.

ஒன்பது நாள் ஊரே வந்தது. அரிவாள், களைக்கொத்து, அரிவாள்மணை, பழைய கத்தரிக்கோல், டீக்கடைக்காரரின் வடைக்கம்பி, எதற்கெல்லாம் முனை இருந்ததோ அதெல்லாம் வந்தது. வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்து முனையால் எடுத்து முனையால் குத்தி, முனையால் எடுத்து முனையால் குத்தி, ஒருநாளைக்கு ஒரு மூட்டை என்று ஒன்பது மூட்டை போனது, ஒவ்வொரு மூட்டை முடியும்போதும் காடு, "இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டது, இருக்கு இருக்கு என்று நாங்கள் சேர்ந்து சொன்னோம். முகத்திலும் தலையிலும் வெள்ளை படிந்து எல்லோரும் ஒரே வயதுக்காரர்களாகத் தெரிந்தோம். பத்தாம் நாள் பூண்டு ஏற்றுகிற லாரிகள் வந்தன. ஊர் அவரவர் வேலைக்குப் போய்விட்டது. போதுமணி மட்டும் தனியாக உட்கார்ந்து பொழுது சாயும்வரை அரிவாள் முனையால் குத்திப் பார்த்தாள், ஒரு சின்னச் சொளகுகூடக் காலியாகவில்லை.

பதினோராம் நாள் காலை அவள் அரிவாளை வரப்பில் வைத்துவிட்டு, மூட்டையைப் பிரித்து, இரண்டு கையாலும் அள்ளினாள்.

மேல்படியிலிருந்து பூவாயி கத்தினாள். "ஏ போதும்! கையால குடுக்காதடி! சண்டை வந்து சேரும்!"

"எனக்கும் அதுக்கும் இனிமேத்தான் சண்டை வரணுமாக்கும்" என்று அவள் சொல்லிக்கொண்டே வீசினாள்.

வீசினது மட்டுமில்லை, குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்துத் தேய்த்தும் விட்டாள். அவளைக் காடு கூட்டிக்கொண்டு போகப்போகிறது என்று நாங்கள் மேல்படிகளில் வந்து நின்றோம். கெட்ட எண்ணமெல்லாம் கிடையாது, அப்படி ஒன்று நடந்தால் பார்த்தவர்கள் வேண்டுமே என்றுதான். சிலர் டீ வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் அள்ளினாள், அதற்கு மறுநாளும் அள்ளினாள், கையால் அள்ளி வீசுவதும் கொத்திக் கலப்பதுமாக நாளைக்கு இரண்டு மூட்டை, சில நாள் மூன்று. உள்ளங்கை வெடித்து ரத்தம் கசிந்தது, தேங்காயெண்ணெய் தடவிப் பழைய சேலைத் துணியைச் சுற்றிக்கொண்டு அள்ளினாள். துணைக்குப் போகலாம் என்று எங்களில் பலருக்குத் தோன்றியது. தோன்றியதோடு சரி, அதை இப்போது சொல்லிக்கொள்வதில் எங்களுக்குப் பெருமை இல்லை.

புரட்டாசி இருபத்தைந்தாம் தேதி மதியம், முப்பத்தோராவது மூட்டையின் கடைசிப் பிடியை அவள் வீசிவிட்டு நிமிர்ந்தபோது, காடு வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை.

"போதும்" என்றது.

மேல்படியில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. கொஞ்சநேரம் கழித்து, அவள் அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்தபோது, இன்னொரு தடவை "போதும்" என்றது. அதற்குப்பிறகு பேச்சில்லை.

"பேர் சொல்லிக் கூப்புடுது!" என்றார் யாரோ.

பேர் சொல்லிக் கூப்பிடுகிற பேய்க்கும் விதி உண்டு. முதல் கூப்பாட்டுக்குப் பதில் சொல்லக் கூடாது, இரண்டாவதுக்கும் சொல்லக் கூடாது, மனுஷராக இருந்தால் மூன்றாவது தடவையும் கூப்பிடுவார்கள், பேயால் இரண்டுக்குமேல் முடியாது. நாங்கள் மூன்றாவதற்காகக் காத்திருந்தோம். டீ ஆறியது. மூன்றாவது வரவேயில்லை. மன்னாடியாருக்கு ஆள் போனது, அவர் கம்பை ஊன்றிக்கொண்டு இறங்கி வந்து, ஒரு மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக மகளை நேராகப் பார்த்தார்.

"ரெண்டு தடவை கூப்புட்டு நின்னுருச்சு. பேயிதான். சுண்ணாம்பு கேட்டது போயி இப்ப ஆளைக் கேக்குது. நாளைக்கே சீகைக் கன்னு வரும். நீ மூத்தவ வீட்டுக்குப் போயிரு."

"அது என்னைக் கூப்புடல அய்யா. வயிறு நெறஞ்சு போதுங்குது. பந்தியில எலையில கையை வச்சுப் போதும்னு சொன்னவுகளை மூணு தடவையா சொல்லச் சொல்லுவீக?"

"அப்ப மிச்சம் ஒம்போது மூட்டையையும் கொட்டு. வயிறு நெறஞ்ச மண்ணா இருந்தா மூணாவது தடவையும் போதும்னு சொல்லும். சொன்னா மண்ணு. சொல்லலேன்னா பேயி."

நல்ல தீர்ப்பு என்று நாங்கள் தலையாட்டினோம். ஜெசிந்தா மேடத்துக்கு போன் போட்டுக் கேட்டோம், அவர் அந்தப் பக்கம் தலையில் கைவைத்துக்கொண்டது எங்களுக்கு இங்கே தெரிந்தது. நாற்பது மூட்டை என்பது ஒரு பை மண்ணைப் பார்த்துச் சொன்னது, காட்டில் மூலைக்கு மூலை மண் மாறும், முப்பத்தொன்றிலேயே சரியாகியிருந்தாலும் இருக்கும், குறைந்தால் பூண்டு திரும்பவும் சிறுத்துப்போகும், கூடிப்போனால் அதைவிட மோசம், தழை மஞ்சளடித்துப்போகும், போட்ட சுண்ணாம்பைத் திரும்ப எடுக்க முடியாது, இப்போது சோதித்தாலும் தெரியாது, சுண்ணாம்பு மண்ணோடு கலந்து வேலை செய்ய ஒரு மாதமாவது ஆகும் என்றார். மொத்தத்தில் அவருக்கும் தெரியவில்லை. தெரிந்தது காட்டுக்கு மட்டும்தான், அது சொல்லிவிட்டது, அது சொன்ன சொல் ஒரு மனுஷியின் பேராகப் போனதுதான் வினை.

போதுமணி அந்த ஒன்பது மூட்டைகளையும் பார்த்தாள். கொட்டினால் காடு கெடும். கொட்டாவிட்டால் காடு போகும். அவள் கையில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தாள்.

"அய்யா, அது போதுமைக் கூப்புடுதுன்னுதான சொல்றீக?"

"ஆமா."

"சரி. இன்னையிலருந்து அந்தப் பேரு எனக்கில்ல. அதுக்கே குடுத்துட்டேன். இந்த ஊர்ல அந்தப் பேர்ல இனி ஆளு கெடையாது. இல்லாத ஆளை எந்தப் பேயி கூப்புடும்? அது சொன்னது பேரு இல்ல, சொல்லு."

மன்னாடியார் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பேர் வைத்தவர் இருக்கும்போது, சுமந்தவர் அதைத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா, அப்படிக் கொடுத்தால் செல்லுமா என்று வாத்தியார்தான் முதலில் கேட்டார். அது நியாயமான கேள்வி, சாதாரண நாளாக இருந்தால் ஒருவாரம் பேசியிருப்போம். பூவாயி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"சொமந்தவ எறக்கி வச்சா வச்சதுதான். அதென்ன நகையா நட்டா, திருப்பிக் கேக்க?"

மன்னாடியார் மேலே ஏறிப் போய்விட்டார். சீகைக் கன்று வரவில்லை. மிச்சமிருந்த ஒன்பது மூட்டைகளையும் கோஸ் வேர் வீங்குகிற பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு போனார்கள். கையாலேயே அள்ளிக்கொண்டு போனார்கள்.

காடு பேசினதை ஏற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு நாள் ஆனது, பேரில்லாத ஒருத்தியோடு புழங்கப் பழகுவதற்கு மூன்று மாதம் போதவில்லை. ஏம்மா என்றோம், காட்டுக்காரம்மா என்றோம், இந்தா புள்ள என்றோம். ரேஷன் கடைக்காரர் அட்டையில் இருக்கிற பேரைத்தான் கூப்பிடுவேன் என்று நின்றார், எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், கடைசியில் அவரே எழுந்து வெளியே வந்து அவள் பையை வாங்கிக்கொண்டு போனார். வேறு பேர் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பெண்கள் ஒரு பட்டியலே சொன்னார்கள், அவள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சொல்லை நாங்களும் அறியாமலே கைவிட்டோம். பந்தியில் சோறு போட வருகிறவர்களிடம் வாயால் சொல்லாமல் இலைமேல் கையை விரித்துக் காட்டினோம், தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம் தலையை ஆட்டினோம். யாராவது வெளியூர்க்காரர் சாதாரணமாக அதைச் சொல்லிவிட்டால் எல்லோரும் கீழ்ப்படிப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொள்வோம். காடு அதற்குப்பிறகு ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை.

ஐப்பசிக் கடைசியில் ஜெசிந்தா மேடம் மண்ணைக் குப்பியில் போட்டு மருந்து ஊற்றிக் குலுக்கிக் காட்டினார், நிறம் பச்சையாக வந்தது, போன தடவை ஆரஞ்சாக இருந்ததாம். கார்த்திகையில் அவள் பூண்டு நட்டாள். தை பிறந்தபோது ஒரு ஏக்கரும் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாக நின்றது. புளியாரை எங்கே போனதென்றே தெரியவில்லை. முறிந்துபோன சம்பந்தக்காரர்கள் ஆள் விட்டு விசாரித்தார்கள், ஊர் மண் இப்போது கையேந்துவதில்லை என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்து தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்குப் பேர் சொல்லி அழைக்கவேண்டும். வெற்றிலை பாக்கு மஞ்சள் வைத்த தட்டை நீட்டி, இன்னாருடைய கல்யாணம், இன்னார் நீங்கள் வரவேண்டும் என்று வாயால் பேரைச் சொன்னால்தான் அழைப்பு. பேர் சொல்லாமல் வைத்த தட்டை யாரும் தொடமாட்டார்கள். மாப்பிள்ளைக்குச் சித்தி வராமல் ஒரு சடங்கும் நடக்காது என்பதால், பேரனின் கல்யாணத்துக்கு அழைக்க மன்னாடியார் தாமே தட்டை எடுத்துக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கி வந்தார். அவள் பூண்டுக்குள் குனிந்து களையெடுத்துக்கொண்டிருந்தாள், முதுகுதான் தெரிந்தது. அவர் வரப்பில் வந்து நின்று வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஏம்மா" என்றார் கடைசியில். "உன்னை என்னன்னு கூப்புட?"

அவள் குனிந்தபடியே, கையை நிறுத்தாமல் சொன்னாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க அய்யா. அவசரமில்ல. போன தடவை நீங்க யோசிக்கவே இல்ல."

மன்னாடியார் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். நாங்கள் மேல்படிகளில் எங்கள் வேலையைச் செய்வதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏறியது, அவள் ஒரு பாத்தி முடித்து அடுத்த பாத்திக்குப் போனாள், அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், முகத்தைத்தான் துடைத்தார் என்று நினைத்தோம், கண்ணையும் துடைத்தார். வெற்றிலை வாடத் தொடங்கியது. அவள் மூன்றாவது பாத்தியில் இருந்தபோது அவர் ஒரு பேரைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், மண் பேசினதைக்கூடக் கேட்ட எங்களுக்கு அது என்ன பேரென்று கேட்கவில்லை.

அவள் நிமிர்ந்து திரும்பிப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு தட்டை வாங்க வரப்புக்கு வந்தாள்.